காயலான் கடைக்குப் போடும் முன் கழனியை ஒரு முறை நினையுங்கள்



நாலு வருஷத்துக்கு முந்தின ஒரு சாயங்காலம். கத்தரியில் காய்ப்புழு இறங்கியிருந்தது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல் அடித்தே ஆகணும் என்று காலையிலேயே வீட்டில் சொல்லிவிட்டு நான் கூட்டத்துக்குப் போய்விட்டேன். ஆரம்பாக்கம் பக்கத்தில் இயற்கை உழவர் கூட்டம். "கரைசல் தயாரிப்பது ரொம்ப சுலபம், வீட்டிலேயே செய்யலாம், காசு செலவில்லை" என்று அரை மணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள். இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரம்மா இரண்டு கையையும் மோர்ச் சட்டிக்குள் விட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு கிலோ மிளகாயை அம்மியில் அரைத்த கை அது.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"உங்க இயற்கை விவசாயம் மேடையில குளுகுளுன்னுதான் இருக்குது. எரியறது மட்டும் ஏன் என் கையில எரியுது?" என்றார். பிறகு, "அடுத்து சம்பாவுக்கு வேப்பங்கொட்டை இடிக்கணும்னு சொல்லுவீங்க. நான் இடிக்க மாட்டேன். ஆள் வச்சி இடிச்சிக்கோங்க. இல்லன்னா கடையில மருந்து வாங்கி அடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பூச்சிக்கொல்லியை 'மருந்து' என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சொல் திரும்பி வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆள் வைக்கச் சொன்னாரே, ஆள் எங்கே இருக்கிறது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இருக்கிற கிராமங்களில் விடியற்காலையிலேயே கம்பெனி வேன் வந்து தெருமுனையில் நிற்கிறது. ஆணும் பெண்ணும் அதில் ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் மகனே அந்த வேனில்தான் போகிறான். மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டு உரலில் வேப்பங்கொட்டை இடிக்க யார் வருவார்கள்? அப்படியானால் இடிக்க மிச்சம் இருப்பது வீட்டுப் பெண்கள்தான். நாம் "செலவில்லாத வேளாண்மை" என்று சொல்லும்போது, அந்தச் செலவைத் தங்கள் கையிலும் இடுப்பிலும் தாங்குகிறவர்கள் அவர்கள். இதை நம் அமைப்புக்குள் நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

மறுநாள் மகன் பரண் மேலே ஏறி ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினான். உள்ளே ஒரு மிக்ஸி, ஒரு டேபிள் டாப் கிரைண்டர், ஒரு டேபிள் பேன். குடும்ப அட்டைக்கு அரசு கொடுத்த விலையில்லாப் பொருள்கள். அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. வந்த புதிதில் சமையலுக்கு ஓடின. பிறகு வீட்டில் பெரிய கிரைண்டர் வாங்கினோம், இவை பரணுக்குப் போயின. அதற்கு முந்தின தீபாவளிக்குக் காயலான் கடைக்காரர் மூன்றையும் சேர்த்துக் கேட்ட விலை ஒரு படி நல்லெண்ணெய்க்குக்கூட வராது.

"நைனா, இதுல அரைச்சிப் பாக்கலாமா?" என்றான் மகன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். இந்த நாலு வருஷத்தில் வீட்டிலும் பழைய வண்டியிலும் கிடந்த ஏழெட்டுப் பொருள்கள் எங்கள் கழனிக்கு வந்துவிட்டன. எதுவுமே விவசாயத்துக்கென்று செய்த பொருள் இல்லை. எங்களுக்குப் பயன்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

கிரைண்டரும் மிக்ஸியும்

வேப்பங்கொட்டைச் சாறு 5 சதக் கணக்கு நமக்கெல்லாம் தெரியும். 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்க 10 கிலோ வேண்டும். உரலில் இடித்தால் ரெண்டு பேருக்கு அரை நாள் வேலை, அடுத்த நாள் தோள்வலி. டேபிள் டாப் கிரைண்டரில் முந்தின நாள் ஊறவைத்த பருப்பை ஒரு தடவைக்கு ஒரு கிலோ போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டால் பதினைந்து நிமிஷம். அது ஓடுகிற நேரத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டலாம். மைய அரைக்க வேண்டாம், ரவைப் பதம் போதும். மைய அரைத்தால் துணியில் வடியாது, தெளிப்பான் மூக்கும் அடைத்துக்கொள்ளும். அரைத்ததை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பால் போல வரும் சாற்றை வடித்து, காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளிக்கிறோம்.

இஞ்சி, பூண்டு, மிளகாய்க்கு மிக்ஸி. அரைத்து முடித்ததும் மூடியைத் திறக்காமல் ஐந்து நிமிஷம் விட்டுவிட வேண்டும். உடனே திறந்தால் காரம் நேராகக் கண்ணுக்கு வரும். கரண்ட் செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். 500 வாட் மிக்ஸி அரை மணி நேரம் ஓடினால் கால் யூனிட். அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரத்தில் இவற்றை ஓட்டக்கூடாது, அது விதிமீறல். வீட்டு இணைப்பில்தான் ஓட்ட வேண்டும்.

கழனிக்குப் போன மிக்ஸியும் கிரைண்டரும் மறுபடி அடுப்படிக்குத் திரும்பக்கூடாது. ஐந்திலைக் கரைசலுக்கு எருக்கும் ஊமத்தையும் அரைக்கிறோம். ஊமத்தை விஷம். கழுவிவிட்டோம் என்று சொல்லிக்கொள்வதெல்லாம் பேச்சு. நாங்கள் இரண்டின் மேலும் சிவப்புப் பெயிண்ட் அடித்து, மாட்டுக் கொட்டகை ஓரம் வைத்துவிட்டோம்.

அங்கே வைத்ததில் ஒரு தப்பு நடந்தது. கொட்டகைத் தரை எப்போதும் ஈரம். ஒரு நாள் கிரைண்டரைத் தொட்ட மகனுக்குக் கையில் சுள்ளென்று இழுத்தது. செருப்பு போட்டிருந்ததால் தப்பித்தான். பழைய ஒயர், எர்த் இல்லாத பிளக். அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூணு முனை பிளக் மாற்றி, எர்த் போட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்ட்டை அணைத்துவிடும் பிரேக்கரும் வைத்தோம். அந்தச் செலவு கிரைண்டரின் காயலான் விலையைவிடப் பல மடங்கு. அதைச் செய்ய முடியாதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். உரல் தோள்வலிதான் கொடுக்கும், உயிரை எடுக்காது.

டேபிள் பேன்

நவரை அறுத்துக் களத்தில் கொட்டியாகிவிட்டது, காற்று இல்லை. முறத்தைத் தூக்கிக்கொண்டு காற்றுக்குக் காத்திருப்பது எல்லாருக்கும் அனுபவம். டேபிள் பேனை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, அதன் முன்னால் மேலிருந்து நெல்லைச் சரித்தால் பதர் தனியாகத் தூரப் போய் விழுகிறது. நிறைய நெல்லுக்கு ஆகாது. விதைக்கு எடுத்து வைக்கும் ஒன்றிரண்டு மூட்டைக்கு இது போதும். எங்களுக்கு உளுந்தும் எள்ளும் இதில்தான் சுத்தமாகின்றன.

ஓடாத ஃபிரிட்ஜ்

கம்ப்ரசர் போன பழைய ஃபிரிட்ஜைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கேட்டு எல்லாரும் காயலான் கடைக்குத் தள்ளுகிறார்கள். அந்தப் பெட்டியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுவர் முழுக்க வெப்பம் தாங்கும் நுரை. கதவில் காந்தம் வைத்த ரப்பர். எலி கடிக்க முடியாத தகரம். வெளியே ஐப்பசி மழை கொட்டினாலும் உள்ளே ஈரம் சுலபத்தில் ஏறாது. விதைப் பெட்டிக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் பூங்கார், கிச்சிலிச் சம்பா விதைகளும், கீரை, வெண்டை, பாகல் விதைகளும் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன. நொச்சி இலையும் காய்ந்த வேப்பிலையும் ஊடே போட்டிருக்கிறோம்.

ஆனால் விதை நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே போகணும். ஈர விதையை வைத்து மூடினால் பூஞ்சணம்தான் முளைக்கும். காய்ந்ததா என்று பார்க்க அடுப்படியிலேயே வழி இருக்கிறது. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கை நெல்லும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கிச் சிறிது நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் நெல்லில் ஈரம் 15 சதத்துக்கு மேல், திரும்பவும் காயவைக்க வேண்டும். ஒட்டாவிட்டாலும் விதைக்கு இன்னும் ஒரு வெயில் காட்டுவது நல்லது.

ரெண்டு எச்சரிக்கை. குளிர்வாயுவை நீங்களே குழாயை வெட்டித் திறந்துவிட வேண்டாம், மெக்கானிக்கை வைத்துப் பத்திரமாக எடுக்கச் சொல்லுங்கள். அடுத்தது குழந்தைகள். கொக்கிப் பூட்டு உள்ள பழைய ஃபிரிட்ஜுக்குள் விளையாட்டாக ஒளிந்துகொண்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. கொக்கியைக் கழற்றிவிடுங்கள், பெட்டியைக் குழந்தைகள் போகாத அறையில் வையுங்கள்.

வண்டி பேட்டரி

எங்களிடம் காய்கறி ஏற்றிப் போகிற பழைய மாருதி ஆம்னி ஒன்று உண்டு. ஒரு மழைக்காலத்தில் பேட்டரி உயிரை விட்டது. புதுசு மாற்றினோம். பழசைப் பார்த்த மகன், "இது சாகல நைனா, ஓடத்தான் முடியல, நடக்கும்" என்றான்.

அவன் விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. எஞ்சினைக் கிளப்ப ரெண்டு மூணு வினாடிக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். வயதான பேட்டரியால் அந்த உதை கொடுக்க முடியாது. ஆனால் 6 வாட் எல்.இ.டி. விளக்குக்கு வேண்டியது அரை ஆம்பியர்தான். மூணு மணி நேரம் எரிந்தாலும் ஒன்றரை ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு உயிர் இருந்தால்கூட சில ராத்திரி ஓடும். ஒரு சின்ன 20 வாட் சோலார் பலகையும் சார்ஜ் கன்ட்ரோலரும் வைத்துவிட்டால் அன்றன்றைக்குச் செலவானது அன்றன்றைக்கு ஏறிவிடும். மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. வண்டி பேட்டரி ஆழமாக வடிவதைத் தாங்குகிற ஜாதி இல்லை.

இதை வைத்துத்தான் எங்கள் விளக்குப்பொறி ஓடுகிறது. சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை, பத்து வரைக்கும்தான். அதற்கு மேல் எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் வந்து விழுகின்றன. கீழே பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர். காலையில் தண்டுத் துளைப்பான் அந்து எத்தனை, இலைச்சுருட்டு அந்து எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதுகிறோம். எண்ணிக்கை ஏறினால்தான் வேப்பங்கொட்டைச் சாறு. முன்பெல்லாம் பயத்தில் அடித்த தெளிப்புகள் இப்போது குறைந்துவிட்டன. ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: பக்கத்திலேயே தொழிற்சாலை விளக்கு ராத்திரியைப் பகலாக்குகிற கழனிகளில் இது அவ்வளவாக எடுபடாது. பூச்சி எந்த விளக்குக்குப் போவது என்று தெரியாமல் அங்கே போய்விடும். சிப்காட் மதிலை ஒட்டிய கழனிக்காரர்கள் இதை நம்பிக் காசு போட வேண்டாம்.

வைப்பர் மோட்டார்

எனக்கே ஆச்சரியம் கொடுத்தது இது. மழையில் கண்ணாடி துடைக்கிற மோட்டார் 12 வோல்ட்டில் ஓடும். வேகம் கம்மி, நிமிஷத்துக்கு நாற்பது ஐம்பது சுற்றுதான். ஆனால் உள்ளே இருக்கும் பற்சக்கரத்தால் திருகுகிற பலம் அதிகம். கரைசல் கலக்க வேண்டியதும் அதே மாதிரி, மெதுவாக, பலமாக. 200 லிட்டர் ஜீவாமிர்தத்தைக் காலையும் மாலையும் கலக்க வேண்டும் இல்லையா? பீப்பாய் மேல் ஒரு மரச் சட்டம் கட்டி, நடுவில் மோட்டாரை மாட்டி, அச்சில் ஒரு மரத் துடுப்பைப் பொருத்தினான் மகன். லேத் பட்டறையில் அச்சை இணைத்ததுதான் காசு. சாணம் கட்டியாக இருக்கிற முதல் கலக்கலை மட்டும் நாங்கள் கையால் செய்து விடுகிறோம், இல்லாவிட்டால் மோட்டார் சூடாகும். மேலே தண்ணீர் படாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்திருக்கிறோம். சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிஷம். என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இப்போது அவர்தான் கரைசல் கலக்குகிறார். "நான்தான் இந்த வூட்டுல டிரைவர்" என்று சொல்லிக்கொள்கிறார்.

"இன்றைக்கு மிக்ஸி, நாளைக்கு டிராக்டரா?"

நம் அமைப்பின் மூத்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு இப்படித்தான் கேட்டார். இயந்திரத்தை நம்பியதால்தானே கடனில் விழுந்தோம், அம்மியும் உரலும் போதாதா என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. கேள்வியும் நியாயமானது. கடன் வாங்கி வண்டி வாங்கி, அந்தக் கடனுக்காகவே நிலத்தை விற்ற குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: "அண்ணே, அம்மியில நீங்க கடைசியா எப்ப அரைச்சீங்க?" அவர் சிரித்துவிட்டார். நானும் அரைத்ததில்லை. அம்மி போதும் என்று சொல்கிற உரிமை அம்மிக்கு முன்னால் உட்காருகிறவர்களுக்குத்தான் இருக்கிறது.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ரெம்யா ஜோஸ் பள்ளிக்கூடம் படிக்கிற வயதில், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, சைக்கிள் மிதிகட்டையை வைத்து ஓடுகிற துணி துவைக்கும் இயந்திரம் செய்தார். 2000-இல் தொடங்கப்பட்ட தேசியப் புத்தாக்க நிறுவனம் அவரை அடையாளம் கண்டு பாராட்டியது. அந்தப் பிள்ளையின் யோசனை, வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது என்பதிலிருந்துதான் பிறந்தது. அமெரிக்காவில் சின்னப் பண்ணைக்காரர்கள் கீரை கழுவிய பிறகு தண்ணீர் வடிக்க வீட்டு வாஷிங் மெஷினின் சுழற்சியைப் பயன்படுத்துகிறார்கள். நம் மதுரையில் சேவா அமைப்பு நடத்திய 'நம் வழி வேளாண்மை' இதழ் உழவர்களின் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளையெல்லாம் தேடிப் பதிவு செய்தது. ஆகவே இது புதுசு இல்லை. நாம் பேசாமல் விட்டது, அவ்வளவுதான்.

டிராக்டர் கேள்விக்குப் பதிலாக ஒரு பொருள் கழனிக்குள் வரும் முன் நாங்கள் மூணு கேள்வி கேட்கிறோம். யாருடைய முதுகை இது நிமிர்த்துகிறது? ரிப்பேர் ஆனால் நம் ஊர் மெக்கானிக்கே பார்க்க முடியுமா? மண்ணில் என்னத்தை விட்டுவிட்டுப் போகும்? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இல்லாத பொருள் உள்ளே வராது.

மூணாவது கேள்வியைக் கேட்காமல் நான் பட்டது

இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வைப்பர் மோட்டார் நன்றாக ஓடியதும் இன்னொரு பீப்பாய் வேண்டும் என்று ஆசை வந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் தொழிற்சாலைகளிலிருந்து வந்த பழைய நீலப் பீப்பாய்கள் அடுக்கி விற்கிறார்களே, அதில் ஒன்று. புதுசின் பாதி விலைக்கும் கம்மி. "சோப்பு போட்டுக் கழுவியாச்சு சார்" என்றார் விற்றவர். உள்ளே என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. மேலே ஒட்டியிருந்த சீட்டு கிழிக்கப்பட்டிருந்ததையும் பெரிதாக நினைக்கவில்லை.

அதில் கலக்கிய ஜீவாமிர்தம் ரெண்டாம் நாளே வழக்கமான வாசனை இல்லாமல் இருந்தது. நுரையும் வரவில்லை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மிளகாய் நாற்றங்காலுக்கு ஊற்றினேன். நாலு நாளில் நாற்று முழுக்க நுனி கருகிப் படுத்துவிட்டது. என்ன ரசாயனம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மேட்டுப்பாத்தியின் மண்ணை அரை அடிக்குச் சுரண்டி எடுத்துத் தனியாகக் குவித்து வைத்திருக்கிறேன். அங்கே எதையும் விதைக்கத் துணியவில்லை. பன்னிரண்டு வருஷம் நஞ்சில்லாமல் காப்பாற்றிய மண்ணில், பாதி விலை பீப்பாய்க்காக நானே நஞ்சை ஊற்றினேன்.

தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் நம் எல்லாருக்கும் இது சேர்த்துச் சொல்வது. மலிவாகக் கிடைக்கிற பீப்பாய், கேன், தொட்டி எதுவானாலும் உள்ளே என்ன இருந்தது என்று எழுத்தில் காட்ட முடியாவிட்டால் வாங்காதீர்கள். உணவு எண்ணெய், வெல்லப்பாகு இருந்த பீப்பாய்கள் விசாரித்தால் கிடைக்கின்றன. வண்டியின் கூலன்ட் கேனில் கரைசலோ மாட்டுக்குத் தண்ணீரோ எடுக்கவே வேண்டாம். அந்தத் திரவம் இனிக்கும், ஆடு மாடும் நாயும் விரும்பிக் குடித்துச் செத்துப்போகும். விளக்குப்பொறிப் பாத்திரத்தில் கழிவு எஞ்சின் ஆயில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் மழை வந்தால் அது கழனிக்குள்தான் வழியும்.

பேட்டரியும் அப்படித்தான். உள்ளே இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். மூணு வருஷத்தில் எங்கள் விளக்குப்பொறி பேட்டரி நிஜமாகவே செத்தது. உடைத்து ஈயம் எடுக்கிறவர்கள் தெருவுக்கே வந்து கேட்டார்கள், நல்ல விலையும் சொன்னார்கள். கொடுக்கவில்லை. அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றி, ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்கினால் அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் ரத்தத்தில் போய்ச் சேரும், மூளையைப் பாதிக்கும். மத்திய அரசின் 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்து விலையில் கழித்துக்கொண்டேன். மிக்ஸி, கிரைண்டர் போன்ற மின்சாதனங்களுக்கும் 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய மின்னணுக் கழிவு விதிகள் பொருந்தும். கழனிக்கு வந்த பொருள் கழனியிலேயே மக்கிப்போகாது. அது எங்கே போய் முடியும் என்பதையும் வரும்போதே யோசிக்க வேண்டும்.

நான் கேட்பது

வேளாண் பொறியியல் துறை பவர் டில்லருக்கும் களையெடுக்கும் கருவிக்கும் மானியம் தருகிறது. வேண்டியதுதான். ஆனால் நம்மைப் போல ரெண்டு ஏக்கர்காரர்களின் இயற்கை விவசாயம் நின்றுபோகிற இடம் உழவு இல்லை. அரைப்பது, இடிப்பது, கலக்குவது, வடிப்பது, தூற்றுவது ஆகிய இந்த ஐந்திலும்தான் வீட்டுப் பெண்கள் சலித்து, "போதும், கடையில வாங்கி அடிங்க" என்கிறார்கள். அதற்கு லட்ச ரூபாய் கருவி வேண்டாம். பரணில் கிடப்பதே போதும்.

ஆகவே நம் கூட்டங்களில் மாசம் ஒரு முறை ஒரு ரிப்பேர் நாள் வைப்போம். அவரவர் வீட்டில் கிடக்கும் மிக்ஸி, பேன், பழைய மோட்டாரைக் கொண்டுவரட்டும். சிப்காட்டில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஐ.டி.ஐ. படித்தவர்கள்! அவர்களின் வார விடுமுறையில் ஒரு மணி நேரம் கேட்போம். கழனியை விட்டுப் போனதாக நாம் வருத்தப்படுகிற அதே பிள்ளைகள் இந்த வழியாகத் திரும்பி வருவார்கள். என் மகன் அப்படித்தான் வந்தான். ஊருக்கு ஒரு கிரைண்டரைப் பொதுவில் வைத்து, எர்த் போட்டு, முறை வைத்து அரைத்துக்கொள்வோம். கரைசல் பயிற்சி எங்கே நடந்தாலும், அரைக்கிற வேலையை மேடையில் பேசுகிறவரே செய்து காட்ட வேண்டும். அம்மியிலானாலும் சரி, மிக்ஸியிலானாலும் சரி.

கடைசியாக ஒன்று. கிரைண்டர் வந்ததும் வேலை தானாகக் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் வருஷம் கிரைண்டரில் அரைத்ததும் என் வீட்டுக்காரம்மாதான். கை எரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டாவது வருஷம், "சுவிட்சு போடறதுக்குக்கூட நான்தான் வரணுமா?" என்று கேட்டார். அதற்கப்புறம் அரைப்பது என் வேலையாயிற்று. பொருள் பாதி வேலையைத்தான் செய்யும், மீதி நம்மிடம்தான் இருக்கிறது.

இந்த வருஷம் ஆடியில் பொறுக்கிய வேப்பங்கொட்டை காய்ந்து, தோல் நீக்கி, கோணிப்பையில் தயாராக இருக்கிறது. சம்பா நடவு முடிந்ததும் பத்து கிலோ அரைக்க வேண்டும். சிவப்புப் பெயிண்ட் அடித்த கிரைண்டர் கொட்டகை ஓரம் இருக்கிறது. அந்தப் பக்கம் வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்றும் வந்து சொல்லுங்கள்.

உழவு வாழட்டும். அதைத் தாங்குகிற கைகளும் எரியாமல் வாழட்டும்.